பல்க் லோடு ராத்திரியில் ஆட்டோவேக்யூம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ராத்திரி பதினொரு மணிக்கு லோடு ஓடத் தொடங்கும். பன்னிரண்டுக்கு மானிட்டரில் டிஸ்க் சிவப்பாகும். யார் தின்கிறார்கள் என்று பார்த்தால், உங்கள் காப்பி கமாண்டுக்குப் பக்கத்திலேயே 'ஆட்டோவேக்யூம்' என்று ஒரு வரி ஓடிக்கொண்டிருக்கும். கை துறுதுறுக்கும். இதை ஆஃப் செய்துவிட்டால் லோடு சீக்கிரம் முடிந்துவிடுமே என்று தோன்றும். போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கும் எல்லோருக்கும் இப்படி ஒரு ராத்திரி வரும். கை வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பரிமாறுகிறவர். ஆட்டோவேக்யூம் இலை எடுக்கிறவர். பரிமாறும் நேரத்தில் அவர் வாளியோடு குறுக்கே வந்தால் எரிச்சலாகத்தான் இருக்கும். அதற்காக மண்டபத்தை விட்டே அவரை அனுப்பிவிட்டால் அடுத்த பந்தி உட்கார இடம் இருக்காது. "இந்த வரிசைக்கு மட்டும் இப்போது வராதீர்கள்" என்று சொல்லலாம். ஆனால் சொன்னவர்தான் அந்த வரிசையின் இலையை எடுத்தாக வேண்டும்.

ஆட்டோவேக்யூம் செய்யும் வேலை நான்கு. அப்டேட், டெலிட் ஆன பழைய ரெக்கார்டு போஸ்ட்கிரெஸில் உடனே அழியாது, செத்த ரெக்கார்டாக ஃபைலிலேயே கிடக்கும். அந்த இடத்தை மீட்பது முதல் வேலை. பிளானருக்கு வேண்டிய புள்ளிவிவரத்தை அனலைஸ் செய்து புதுப்பிப்பது இரண்டாவது. எந்தப் பக்கத்தில் உள்ளதெல்லாம் எல்லா செஷனுக்கும் தெரியலாம் என்று விசிபிலிட்டி மேப்பில் குறிப்பது மூன்றாவது. இந்தக் குறி இல்லாவிட்டால் இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன் என்பது பேருக்குத்தான். பழைய ரெக்கார்டுகளை ஃப்ரீஸ் செய்து, டிரான்சாக்ஷன் எண் ஒரு சுற்று சுற்றிவந்து முட்டிக்கொள்ளாமல் காப்பது நான்காவது. முதல் மூன்றைத் தள்ளிப்போட்டால் டேட்டாபேஸ் மெதுவாகும். நான்காவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் நின்றுவிடும்.

செட்டிங் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர் போட்டுக்கொள்ளுங்கள். எண்கள் எல்லாம் டீஃபால்ட் மதிப்புகள். உங்கள் சர்வரில் யாராவது மாற்றியிருக்கலாம், ஷோ கமாண்ட் கொடுத்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

டிஸ்க்கைத் தின்பது அவர்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பாதி நேரம் குற்றவாளி வேறு ஆள். மேக்ஸ் வால் சைஸ் 1 ஜிபி என்றே விட்டிருந்தால், பெரிய லோடில் செக்பாயிண்ட் அடிக்கடி வந்து டிஸ்க்கை அடிக்கும். 'செக்பாயிண்டுகள் அளவுக்கு மீறி அடிக்கடி நடக்கின்றன' என்று சர்வர் லாகிலேயே எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. போஸ்ட்கிரெஸ் 16 அல்லது அதற்கு மேல் என்றால் 'பிஜி ஸ்டாட் ஐஓ' என்ற வியூவைப் பாருங்கள். ஆட்டோவேக்யூம் வொர்க்கர் எவ்வளவு படித்தார், எவ்வளவு எழுதினார், செக்பாயிண்டர் எவ்வளவு எழுதினார் என்று தனித்தனியாகக் காட்டும்.

வெர்ஷனைப் பாருங்கள். 2020-ல் வந்த 13-க்கு முன்பு, இன்சர்ட் மட்டுமே ஆகும் டேபிளை அவர் அனலைஸ் செய்வார், வேக்யூம் செய்ய வரமாட்டார். ஃப்ரீஸ் கட்டாயமாகும் நாளில் மொத்தமாக வந்து இறங்குவார். 13-லிருந்து, புதிதாக ஏறியது 1,000 ரெக்கார்டோடு டேபிளின் 20 சதவீதத்தையும் தாண்டினால் வந்துவிடுவார். "பழைய சர்வரில் இந்தத் தொல்லை இல்லையே" என்று புலம்புகிறவர்களில் நிறையப் பேர் 12-லிருந்து நேராக மேலே போனவர்கள்.

உங்கள் லோடு எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே டிரான்சாக்ஷனில் ஒரே காப்பி என்றால் பெரும்பாலும் எதையும் ஆஃப் செய்ய வேண்டியதில்லை. கமிட் ஆகும்வரை ஏறிய ரெக்கார்டுகள் ஸ்டாட்ஸ் கணக்கில் சேராது, அதனால் அவை வந்திருப்பதே அவருக்குத் தெரியாது. தொல்லையெல்லாம் சின்னச் சின்ன பேட்ச்சாகக் கமிட் செய்யும் லோடில்தான். அவர் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கிற ஆள். டேபிள் காலியாக இருந்து தொடங்கினால் அந்த 20 சதவீதம் ஒன்றுமே இல்லை, அதனால் எட்டிப்பார்க்கும்போதெல்லாம் எல்லை தாண்டியிருக்கும். டேபிள் பெருக்கப் பெருக்க அவர் வரும் இடைவெளியும் கூடும். ஆக, தொடக்கத்தில்தான் அதிகம் தொந்தரவு செய்வதாகத் தெரியும். அப்போது டேபிளே சின்னதாக இருப்பதால் உண்மையான செலவு குறைவு.

ஆஃப் செய்தே ஆக வேண்டுமானால் அந்த ஒரு டேபிளுக்கு மட்டும் செய்யுங்கள். ஆல்டர் டேபிள் கமாண்டில் 'ஆட்டோவேக்யூம் எனேபிள்ட்' என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் போதும், மற்ற டேபிள்கள் வழக்கம்போல ஓடும். லோடு தொடங்கும் முன்பே அதைக் கமிட் செய்துவிடுங்கள். லோடு ஓடும் அதே டிரான்சாக்ஷனுக்குள் எழுதினால் முடியும்வரை வெளியே யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பார்ட்டிஷன் டேபிள் என்றால் தாய் டேபிளில் இந்த செட்டிங் எடுபடாது, கீழே உள்ள ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள்.

ஆன் செய்யும் வரியை ஆஃப் செய்யும் வரிக்கு முன்பே எழுதுங்கள். ஸ்கிரிப்டின் கடைசி வரியில் வைத்தால், நடுவில் லோடு செத்த அன்று அந்த வரி ஓடாது. பைத்தான் என்றால் ஃபைனலி பிளாக், ஷெல் என்றால் ட்ராப் (trap). அதோடு தினமும் காலையில் 'பிஜி கிளாஸ்' கேட்டலாகில் ரெல்ஆப்ஷன்ஸ் காலத்தைத் (column) தேடி, ஆஃப் ஆகவே கிடக்கும் டேபிள் எது என்று பட்டியல் எடுக்க ஒரு கிரான் ஜாப் போடுங்கள். இரண்டு வரி வேலைதான்.

காப்பியில் ஏற்றுங்கள், முடியாவிட்டால் பெரிய பேட்ச்சாக ஏற்றுங்கள். வேகத்துக்காக மட்டும் சொல்லவில்லை. எழுதும் டிரான்சாக்ஷன் ஒவ்வொன்றும் ஒரு எண்ணைச் செலவழிக்கிறது. ஆட்டோகமிட்டில் ஒவ்வொரு ரெக்கார்டாக 10 கோடி இன்சர்ட் செய்தால் 10 கோடி எண் காலி. கட்டாய ஃப்ரீஸ் வரும் எல்லையே 20 கோடிதான், அதில் பாதியை ஒரே லோடில் தின்றுவிட்டீர்கள். அதே டேட்டாவைப் பத்தாயிரம் ரெக்கார்டு பேட்ச்சாக ஏற்றினால் செலவு பத்தாயிரம் எண்கள். ஒரே காப்பி என்றால் ஒன்று.

காலி டேபிளில் ஏற்றுகிறீர்களா, ஃப்ரீஸ் ஆப்ஷனோடு ஏற்றுங்கள். ஒரே டிரான்சாக்ஷனுக்குள் டேபிளை கிரியேட் அல்லது டிரங்கேட் செய்து, உடனே காப்பியை ஃப்ரீஸோடு கொடுத்தால் ரெக்கார்டுகள் ஃப்ரீஸ் ஆகியே உள்ளே போகும். பிறகு வந்து செய்ய வேண்டிய அந்தப் பெரிய வேலை மிச்சம். 14-லிருந்து விசிபிலிட்டி மேப்பும் கூடவே குறிக்கப்படுகிறது. நிபந்தனையை மறக்காதீர்கள்: கிரியேட்டும் காப்பியும் வேறு வேறு டிரான்சாக்ஷனில் இருந்தால் எரர்தான் வரும். டிரங்கேட் செய்த நொடியிலிருந்து கமிட் வரை அந்த டேபிளை வேறு யாரும் படிக்கவும் முடியாது, பகலில் செய்யாதீர்கள்.

இண்டெக்ஸைப் பிறகு கட்டுங்கள். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஐந்து இண்டெக்ஸில் எழுதுவதைவிட, கடைசியில் மொத்தமாக ஸார்ட் செய்து கட்டுவது மலிவு. லோடு நடுவில் ஒருமுறை தோற்று செத்த ரெக்கார்டு கிடந்தால், இண்டெக்ஸ் கட்டும் முன்பே வேக்யூம் ஓட்டிவிடுங்கள், துழாவ இண்டெக்ஸே இல்லாததால் சட்டென்று முடியும். எக்ஸ்பிரஷன் இண்டெக்ஸ் இருந்தால் கட்டிய பிறகு இன்னொரு அனலைஸ் வேண்டும். அந்த எக்ஸ்பிரஷனுக்கான புள்ளிவிவரம் அப்போதுதான் உருவாகும்.

மெயின்டனன்ஸ் வொர்க் மெம்மை உங்கள் செஷனில் மட்டும் ஏற்றுங்கள். 64 எம்பி இண்டெக்ஸ் கட்டப் போதாதுதான். ஆனால் சர்வர் முழுக்க ஏற்றினால், தனியாக வேறு மதிப்பு கொடுக்காத வரையில் ஆட்டோவேக்யூம் வொர்க்கர் ஒவ்வொருவரும் அதே அளவுக்குக் கை நீட்டலாம்.

லோடு முடிந்த நிமிடமே அனலைஸ் ஓட்டுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஐந்து கோடி ரெக்கார்டு ஏறியிருக்கும், பிளானரின் கையில் நேற்றைய கணக்குதான் இருக்கும். சின்ன டேபிள்தானே என்று நெஸ்டட் லூப் போடும். காலை ரிப்போர்ட் மூன்று மணி நேரம் சுற்றும். எல்லோரும் ரிப்போர்ட் எழுதியவரைத் திட்டுவார்கள். ஆட்டோவேக்யூம் எப்படியும் வந்து அனலைஸ் செய்வாரே என்று காத்திருக்காதீர்கள். ஒரு நிமிட இடைவெளி, அதன் பிறகு வொர்க்கர் காலியாக இருக்க வேண்டும், உங்கள் ரிப்போர்ட்டோ லோடு முடிந்த அடுத்த நொடியே ஓடும். இரண்டு இடத்தில் அவர் வரவே மாட்டார். டெம்ப் டேபிளை அவரால் தொட முடியாது. பார்ட்டிஷனின் தாய் டேபிளை அவர் அனலைஸ் செய்வதில்லை. இந்த இரண்டையும் நீங்கள்தான் செய்ய வேண்டும். பிஜி ரீஸ்டோர் செய்து இறக்கிய டேட்டாபேஸுக்கும் இதேதான்: 'வேக்யூம்டிபி' கருவியில் அனலைஸ் இன் ஸ்டேஜஸ் ஆப்ஷன் இருக்கிறது, முதலில் தோராயக் கணக்கைச் சீக்கிரம் தந்துவிட்டுப் பிறகு துல்லியமாக்கும்.

ஆஃப் செய்த டேபிளுக்கு வேக்யூமையும் நீங்களே, ஃப்ரீஸோடு ஓட்டுங்கள். வெறும் வேக்யூம் போதாது. வேக்யூம் ஃப்ரீஸ் மின் ஏஜ் 5 கோடி என்பதால், சற்று முன் ஏறிய இளம் ரெக்கார்டுகளைப் பெரும்பாலும் ஃப்ரீஸ் செய்யாமலே விட்டுவிடும். 'வேக்யூம் ஃப்ரீஸ் அனலைஸ்' என்று மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். கையால் ஓட்டும் வேக்யூமுக்கு வேகக் கட்டுப்பாடு கிடையாது, முழு மூச்சில் ஓடும். லோடு முடிந்து ஆபீஸ் திறக்கும் முன் உள்ள இடைவெளியில் வையுங்கள்.

பெரிய டேபிளுக்கு எல்லையைக் குறைத்துக் கொடுங்கள். 10 கோடி ரெக்கார்டு உள்ள டேபிளில் 20 சதவீதம் என்றால் 2 கோடி செத்த ரெக்கார்டு சேரும்வரை அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். வரும்போது வேலை மலையாகக் குவிந்திருக்கும், அது சரியாக உங்கள் லோடு நேரத்தில் வந்து விழும். அந்த டேபிளுக்கு மட்டும் ஸ்கேல் ஃபேக்டரை 0.01 அல்லது 0.02 ஆக்குங்கள். அடிக்கடி வருவார், வந்தது தெரியாமல் போவார்.

24 மணி நேரமும் லோடு ஓடுகிற இடமா, அவரை நிறுத்தாமல் வேகப்படுத்துங்கள். அவர் எவ்வளவு மெதுவாக வேலை செய்கிறார் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். காஸ்ட் லிமிட் 200, ஒவ்வொரு முறை அதை எட்டியதும் 2 மில்லிசெகண்ட் தூக்கம். ஒரு பக்கத்தில் எழுத 20 புள்ளி. ஆக விநாடிக்கு 5,000 பக்கம், ஒரு பக்கம் 8 கேபி, மொத்தம் சுமார் 40 எம்பி. இதற்கு மேல் அவரால் எழுத முடியாது. 12-க்கு முன் தூக்கம் 20 மில்லிசெகண்ட் என்பதால் அதிலும் பத்தில் ஒரு பங்குதான். நல்ல எஸ்எஸ்டிக்கு இது கொசுக்கடி. காஸ்ட் லிமிட்டை 1,000, 2,000 என்று ஏற்றினால் சீக்கிரம் முடித்துவிட்டு வழியை விடுவார்.

லோடுக்கு முன் டேட்டாபேஸின் வயசைப் பாருங்கள். 'பிஜி டேட்டாபேஸ்' கேட்டலாகில் டேட்ஃப்ரோசன்எக்ஸ்ஐடி என்ற காலத்துக்கு ஏஜ் ஃபங்க்ஷன் போட்டால் ஒரு எண் வரும். 18 கோடி, 19 கோடி என்று நின்றால், பெரிய லோடின் நடுவில்தான் கட்டாய ஃப்ரீஸ் கிளம்பும். முந்தின நாளே கையால் ஃப்ரீஸ் ஓட்டிவிட்டு ராத்திரி நிம்மதியாக ஏற்றுங்கள்.

ஆட்டோவேக்யூம் லாகை ஆன் செய்யுங்கள். 'லாக் ஆட்டோவேக்யூம் மின் டியூரேஷன்' 14 வரை ஆஃப், 15-லிருந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஓடினால் மட்டும் எழுதும். லோடு வாரத்தில் அதைப் பூஜ்யம் ஆக்கிவிடுங்கள். யார் எப்போது எந்த டேபிளுக்கு வந்தார் என்று ஊகிக்க வேண்டியிருக்காது.

செய்யக்கூடாதவை

சர்வர் முழுக்க ஆட்டோவேக்யூமை ஆஃப் செய்யாதீர்கள். நான் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஒரு கடைக் குழுமத்தின் விற்பனை டேட்டாவை மாதம் ஒருமுறை ஏற்ற நான் எழுதிய ஸ்கிரிப்ட் அது. ஆல்டர் சிஸ்டம் போட்டு ஆஃப், ரீலோடு, லோடு, கடைசி வரியில் ஆன். ஒரு ராத்திரி டிஸ்க் நிரம்பி லோடு பாதியில் செத்தது. மறுநாள் இடம் ஒதுக்கிவிட்டு லோடு வரிகளை மட்டும் கையால் ஓட்டி முடித்தோம். ஆன் செய்யும் வரி ஓடவே இல்லை. அடுத்த மாதம் லோடு முறையே மாறிவிட்டது, பழைய ஸ்கிரிப்டை யாரும் தொடவில்லை. சில மாதம் கழித்து, சாதாரண செவ்வாய்க்கிழமை காலை பில்லிங் நேரத்தில், ஆஃப் ஆகியிருந்த ஆட்டோவேக்யூம் தானே எழுந்து மூன்று பெரிய டேபிளில் ஒரே நேரத்தில் உட்கார்ந்தது. ஆஃப் செய்தாலும் டிரான்சாக்ஷன் எண் எல்லைக்கான கட்டாய வேக்யூம் வந்தே தீரும். அந்த ஒரு காவலை நீங்கள் நிறுத்த முடியாது. வேடிக்கை என்னவென்றால், கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பார்த்தவர்கள் எல்லோரும் "ஆன் என்றுதானே இருக்கிறது" என்றார்கள். ஆல்டர் சிஸ்டம் எழுதுவது போஸ்ட்கிரெஸ்கியூஎல் டாட் ஆட்டோ டாட் கான்ஃப் என்ற வேறு ஃபைலில். ஜெயிப்பது அதுதான்.

'டு பிரிவென்ட் ராப்அரவுண்ட்' என்று வால் முளைத்த வொர்க்கரைக் கொல்லாதீர்கள். 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி' வியூவில் குவெரி காலத்தின் கடைசியில் அந்த வார்த்தைகள் இருக்கும். கொன்றால் அடுத்த நிமிடம் திரும்பி வருவார், செய்ததில் பெரும்பகுதியை மறுபடியும் செய்வார். கொன்றுகொண்டே இருந்தால் என்ன ஆகும்? எண்ணின் எல்லை சுமார் 200 கோடி. அதற்கு 30 லட்சம் மிச்சம் இருக்கும்போது இன்றைய போஸ்ட்கிரெஸ் புது எண் கொடுக்க மறுத்துவிடும், எழுதும் வேலை எல்லாம் நிற்கும். இது கதையல்ல. 2015-ல் சென்ட்ரி, 2019 பிப்ரவரியில் மெயில்சிம்பின் மாண்ட்ரில், இரண்டும் இதில் மாட்டி நின்று, நடந்ததைப் பிறகு தாங்களே வெளிப்படையாக எழுதியிருக்கின்றன. போஸ்ட்கிரெஸ் தெரியாதவர்கள் நடத்திய இடங்கள் இல்லை அவை. 14-லிருந்து வயசு 160 கோடி தாண்டினால் வேக்யூம் ஃபெயில்சேஃப் என்ற முறைக்கு மாறி, வேகத்தடை, இண்டெக்ஸ் வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடும். அதை நம்பி அந்த விளிம்பு வரை போகாதீர்கள்.

அந்த வொர்க்கர் ஓடும்போது லாக் டைம்அவுட் இல்லாமல் டிரங்கேட், ஆல்டர் எதுவும் கொடுக்காதீர்கள். சாதாரண ஆட்டோவேக்யூம் மரியாதை தெரிந்தவர். உங்கள் டிரங்கேட் வந்து நின்றால் ஒரு விநாடியில் தன் வேலையை விட்டு விலகிவிடுவார். ராப்அரவுண்டுக்கு வந்தவர் விலகமாட்டார். உங்கள் டிரங்கேட் அவர் பின்னால் நிற்கும், டிரங்கேட்டுக்குப் பின்னால் சாதாரண செலக்ட்டுகள்கூட வரிசை கட்டும். வெளியிலிருந்து பார்த்தால் சர்வரே தொங்கிவிட்ட மாதிரி இருக்கும். ஐந்து விநாடி டைம்அவுட் கொடுத்தால் உங்கள் கமாண்ட் மட்டும் தோற்கும், மற்றவர்கள் பிழைப்பார்கள்.

டிரான்சாக்ஷனைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பந்தியில் வரிசையின் கோடியில் ஒரு பெரியவர் பாயசத்தை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அந்த வரிசை முழுக்க இலை எடுக்க முடியாது. இங்கேயும் அதேதான். அதே டேட்டாபேஸில் எங்கோ ஒரு செஷன் பிகின் கொடுத்து, ஒரு அப்டேட் ஓட்டிவிட்டு, கமிட் இல்லாமல் நின்றால், அதன்பின் செத்த ரெக்கார்டு எதையும் எந்த டேபிளிலும் அகற்ற முடியாது. வேக்யூம் ஓடும், முடியும், ஒன்றும் குறையாது. "வேக்யூம் வேலை செய்யவில்லை" என்று வரும் புகாரில் நான் முதலில் தேடுவது இதைத்தான். ஐடில் இன் டிரான்சாக்ஷன் செஷன் டைம்அவுட் இயல்பில் ஆஃப், பத்து நிமிடமாவது கொடுங்கள். ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக் ஆன் செய்த ரெப்ளிகாவில் ஓடும் நீண்ட ரிப்போர்ட்டும், கமிட்டும் ரோல்பேக்கும் ஆகாமல் கிடக்கும் ப்ரிபேர்ட் டிரான்சாக்ஷனும் இதே வேலையைச் செய்யும்.

தினமும் முழு டேபிளையும் டெலிட் செய்துவிட்டு ஏற்றாதீர்கள். டெலிட் இடத்தை விடாது, பிணத்தை அங்கேயே போட்டுவைக்கும். அதே டிரான்சாக்ஷனில் டெலிட்டும் லோடும் என்றால் புது டேட்டா முழுக்கப் புது இடத்தில் ஏறும், டேபிள் இரட்டிப்பாகும். டிரங்கேட் செய்யுங்கள். நாள்வாரி டேட்டா என்றால் நாள்வாரி பார்ட்டிஷன் போட்டு, பழையதை டிராப் செய்யுங்கள், வேக்யூமுக்கு வேலையே இல்லை.

ரோல்பேக் ஆனால் ஒன்றும் ஏறவில்லை என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நான்கு கோடியில் மூன்றே முக்கால் கோடி ஏறிய பிறகு எரர் வந்து காப்பி நின்றால், அந்த மூன்றே முக்கால் கோடியும் செத்த ரெக்கார்டாக டிஸ்க்கில் இருக்கும். அப்படியே மறுபடி ஓட்டினால் அதற்கு மேல் ஏறும். இடையில் ஒரு வேக்யூம், புது டேபிள் என்றால் ஒரு டிரங்கேட்.

ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் சேவ்பாயிண்ட் போட்டு எரரைப் பிடிக்காதீர்கள். ஒரே டிரான்சாக்ஷன்தானே என்று தோன்றும். சேவ்பாயிண்டுக்குள் எழுதினாலும் தனி எண் செலவாகும், பிஎல்பிஜிஎஸ்கியூஎல் ஃபங்க்ஷனில் எக்ஸப்ஷன் பிளாக்குக்கும் அப்படியே. எல்லாக் காலமும் டெக்ஸ்ட் ஆக உள்ள ஒரு ஸ்டேஜிங் டேபிளில் அப்படியே கொட்டி, அங்கே வடிகட்டி அனுப்புங்கள். 17-லிருந்து காப்பியிலேயே ஆன் எரர் இக்னோர் இருக்கிறது, டைப் பொருந்தாத வரியை விட்டுவிட்டு மேலே போகும்.

ஏற்றிய பிறகு முழு டேபிளையும் அப்டேட் செய்யாதீர்கள். ஒரு காலம் நிரப்ப மறந்துவிட்டோம் என்று ஐந்து கோடிக்கும் அப்டேட் அடித்தால், ஐந்து கோடி புதுப் பிரதி, ஐந்து கோடி பிணம். ஸ்டேஜிங்கில் கணக்கிட்டுவிட்டு ஏற்றுங்கள். ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட் போடுகிறவர்களும் கவனியுங்கள்: மதிப்பு மாறவே இல்லை என்றாலும் அது புதுப் பிரதி எழுதும். 'இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம்' என்று ஒரு வேர் கண்டிஷன் சேர்த்தால் மாறியது மட்டும் எழுதப்படும். தினசரி ஃபைலில் பெரும்பகுதி நேற்றையதே வரும் இடங்களில் இந்த ஒரு வரி செத்த ரெக்கார்டைக் கொத்தாகக் குறைக்கும்.

வொர்க்கர் எண்ணிக்கையை மட்டும் ஏற்றி ஏமாறாதீர்கள். காஸ்ட் லிமிட் எல்லா வொர்க்கருக்கும் சேர்த்துப் பங்கு. 3 பேரை 10 ஆக்கினால் அதே ஒரு குடம் தண்ணீரைப் பத்துப் பேர் பகிர்வார்கள், ஒவ்வொருவரும் இன்னும் மெதுவாவார்கள். லிமிட்டையும் ஏற்றுங்கள். ஒரு டேபிளுக்குத் தனியாகக் காஸ்ட் செட்டிங் கொடுத்தால் அதில் உட்காரும் வொர்க்கர் இந்தப் பங்கீட்டில் சேரமாட்டார், அவசரத்துக்கு உதவும்.

டேபிள் பெருத்துவிட்டது என்று உடனே வேக்யூம் ஃபுல் ஓட்டாதீர்கள். பேரில்தான் அது வேக்யூம். டேபிளையே புதிதாக எழுதுகிறது, முடியும்வரை படிக்கக்கூட யாரையும் விடாது, எழுதி முடிக்க ஏறக்குறைய அதே அளவு காலி இடம் வேண்டும். டிஸ்க் நிரம்பிய அவசரத்தில் இதை ஓட்டி மேலும் மாட்டியவர்கள் உண்டு. நாளையும் அதே அளவு டேட்டா ஏறப்போகிறது என்றால் சாதாரண வேக்யூம் போதும், விடுபட்ட இடத்தில் நாளைய ரெக்கார்டு உட்காரும். சுருக்கியே ஆக வேண்டுமானால் பிஜி ரீபேக் எக்ஸ்டென்ஷனைப் பாருங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்ச நேரம்தான் பூட்டும்.

வேகத்துக்காக எஃப்சிங்கை ஆஃப் செய்யாதீர்கள். கரண்ட் போனால் டேட்டாபேஸே போகும். சிங்க்ரனஸ் கமிட்டை உங்கள் செஷனில் ஆஃப் செய்யுங்கள், போனாலும் கடைசி ஒரு நொடி கமிட்டுகள்தான் போகும், டேட்டாபேஸ் உடையாது.

லோடு முடிந்தது என்று மெசேஜ் வந்ததும் லாப்டாப்பை மூடாதீர்கள். 'பிஜி ஸ்டாட் யூசர் டேபிள்ஸ்' வியூவைத் திறந்து, ஏற்றிய டேபிளுக்கு லாஸ்ட் அனலைஸ் இன்றைய நேரமா, என் டெட் டப் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். ரெல்ஆப்ஷன்ஸில் ஃபால்ஸ் எதுவும் மிச்சம் இல்லை என்று பாருங்கள். காலை ரிப்போர்ட்டின் முக்கியமான குவெரி ஒன்றை எக்ஸ்பிளெயின் போட்டுப் பாருங்கள், ஐந்து கோடி இருக்கும் இடத்தில் பிளானர் ஐந்தாயிரம் என்று மதிப்பிட்டால் அனலைஸ் எங்கோ விட்டுப்போயிருக்கிறது, பெரும்பாலும் பார்ட்டிஷனின் தாய் டேபிளில்.